அறியாமையின் விலை

சில மாதங்களுக்கு முன்னர், நமது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் நாளிதழிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்து வந்து நம் மேசைமேல் வைத்தான். உள்ளறையொன்றின் சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, மின்விளக்குகளின் ஒளியிலே கஞ்சாச் செடி வளர்த்த ஓர் இளைஞன் பிடிபட்டான் என்பது செய்தி. இத்தகைய செய்திகள் இந்நாளிற் புதியன அல்ல. கூட வந்திருந்த படத்தில் ஏழெட்டுத் தொட்டிகள். செடிகளின் இலைகள் சுருண்டும் வெளிறியும் தொங்கிக் கிடந்தன. மாணவனுக்கு இளைஞனைப் பற்றியோ, வழக்கைப் பற்றியோ அக்கறையில்லை. அவன் கேட்டது வேறு:

"சேர், இந்தச் செடிகளுக்கு என்ன வருத்தம்? இவர் அதை ஆரிட்டப் போய்க் கேட்டிருப்பார்?"

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அன்று மாலை அலுவிகாரைக் கற்பாறைகளின் ஓரமாக வீடு நோக்கி நடந்து செல்கையில் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. உண்மைதான், அவன் யாரிடம் கேட்டிருக்க முடியும்? 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் அச்செடியை வளர்ப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆயுள்வேத மருந்துக்கு அரசின் கண்காணிப்பில் அதற்கு ஒரு சிறு வாசல் உண்டு. அச்சட்டத்தின் நியாய அநியாயங்களை ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. சட்டத்துக்கு அப்பால் நிற்கும் ஓர் உண்மையே நம்மை நிறுத்தியது. மூடிய அறைக்குள் முதன்முறையாகப் பயிர் செய்பவன், வாடிய இலையைக் கையிலேந்தி அடுத்த வீட்டுக் கிழவரிடம் காட்ட முடியாது. விவசாயப் போதனாசிரியரை அழைக்க முடியாது. ஊகிக்கிறான். ஊகித்தபடி மருந்திடுகிறான். செடி சாகிறது. அவன் அதைக் கொன்றான் என்று சொல்லலாமா? தெரியாமற் செய்த தீங்குக்கு ஒருவன் பொறுப்பாளியா?

"தெரியாமல் நடந்தது, விட்டுவிடுங்கள்" என்பது நம் நாட்டு வழக்கு. நல்ல வழக்குதான், அதன் பின்னால் இரக்கமுண்டு. எனினும் அதை எல்லோருக்கும் ஒரே அளவில் வழங்கிவிடலாமா என்பதே ஐயம்.

இவ்விடத்தில் நம் சொந்தப் பிழையொன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாத்தளைக்கு மாற்றலாகி வந்த முதலாண்டில், இம்மண்ணின் பெருமையாகிய மிளகுக் கொடியொன்றைத் தொட்டியில் வைத்து முன்னறையிலே வளர்க்கும் ஆசை நமக்கு உண்டாயிற்று. பல்கலைக்கழகத்தில் நாம் பயின்றது தமிழ். முல்லையையும் குறிஞ்சியையும் நூல்களில் அறிந்தோமேயன்றி மண்ணில் அறிந்தோமில்லை. இரண்டு மாதத்திற் கொடியின் இலைகள் மஞ்சளித்தன. பசியென்று எண்ணி யூரியா இட்டோம். இலை நுனிகள் கருகின. தாகமென்று எண்ணி நாளுக்கு இருமுறை கிணற்று நீரை வார்த்தோம். கொடி தளர்ந்து தொங்கிற்று. தொங்கத் தொங்க இன்னும் வார்த்தோம். நம் அன்புக்குக் குறைவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்துகொள்கிறோம்.

கடைசியில், நண்பராகிய ஒரு விவசாயப் போதனாசிரியர் தற்செயலாக வீட்டுக்கு வந்தார். தொட்டியைப் பார்த்தவர் மருந்தெதையும் சொல்லவில்லை, கேள்விகளையே கேட்டார். "சேர், முதலில் மஞ்சளிச்சது அடியிலையா, கொழுந்தா?" நமக்கு நினைவில்லை. பார்த்துக்கொண்டேயிருந்தோம், கவனிக்கவில்லை. அவர் விளக்கினார். நைதரசன், மகனீசியம் போன்றவை செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. அவை குறைந்தால் செடி தன் முதிய இலையிலிருந்து எடுத்து இளந்தளிருக்கு ஊட்டும். ஆகவே மஞ்சள் அடியிலையில் தொடங்கும். இரும்பு அப்படி இடம்பெயராது. அது குறைந்தால் கொழுந்து வெளிறும், நரம்புகள் மட்டும் பச்சையாய் நிற்கும். நம் கொடியில் வெளிறியிருந்தது கொழுந்து. "எந்தத் தண்ணி ஊத்துறீங்க?" என்பது அடுத்த கேள்வி. மாத்தளைப் பகுதியிற் சுண்ணக்கல் படைகள் உண்டு; பல கிணறுகளின் நீர் வன்னீர். அந்நீரை நாள்தோறும் வார்க்க, தொட்டி மண் காரத்தன்மை அடைந்துவிட்டது. அவ்வாறான மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுத்துக்கொள்ள இயலாது. செடிக்கு முன்னால் உணவு இருந்தது, வாய் கட்டப்பட்டிருந்தது. நாமோ தட்டில் மேலும் மேலும் சோற்றைக் கொட்டிக்கொண்டிருந்தோம். பிறகு அவர் கொடியைத் தொட்டியோடு சாய்த்து வேரை எடுத்துக் காட்டினார். வெண்மையாய் இருக்க வேண்டிய வேர் பழுப்பேறி, குழைந்து, நாறிற்று. நீர் தேங்கிய மண்ணில் வேருக்கு மூச்சுவிடக் காற்றில்லை. நீரின்மையால் வாடும் செடியும் நீர் மிகுதியால் வேரழுகிய செடியும் மேலே பார்ப்பதற்கு ஒன்றுபோலவே தொங்கும். ஏனெனில் அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. நாம் தாகமென்று கண்டது மூழ்கியவனின் மூச்சுத் திணறல்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தை எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறோம். நோயை அறிவதும் அதன் காரணத்தை அறிவதும் வெவ்வேறு என்று அங்கே வள்ளுவர் பிரித்துக் காட்டுவதை விளக்கி, மாணவரிடம் விடையும் எழுதி வாங்கியிருக்கிறோம். தொட்டிமுன் அது உதவவில்லை. படித்தவனின் அறியாமை இத்தகையது போலும்.

ஒரு மிளகுக் கொடியின் சாவு பெரிய விடயமன்று. அதன் விலையை நாமே கொடுத்தோம். நூறு ரூபாய்க் கன்று, சிறிது வெட்கம். ஆனால் இதே மலைகளில், இதே வகைப் பிழை வேறோர் அளவிலே நிகழ்ந்திருக்கிறது.

அலுவிகாரையைத் தொட்டுக்கொண்டு செல்லும் வடக்குப் பாதை இன்று கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் பெருவீதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில், தமிழகத்திலிருந்து மன்னாரில் வந்திறங்கிய தொழிலாளர் காடுகளினூடே நடந்து மாத்தளையை அடைந்த வழி அது. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழிநெடுக மாண்டவர் பலர். எஞ்சியோர் இப்பாறைகளைக் கடந்து கோப்பித் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். அத்தோட்டங்கள் எழுந்த மலைகள், 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டத்தைக் காட்டிக் கண்டிய விவசாயியிடமிருந்து பறிக்கப்பட்டவை. நிலத்தை வாங்கியோருள் பலர் ஆளும் அரசின் உத்தியோகத்தரும் படை அதிகாரிகளும். கோப்பிச் செடியை அதற்குமுன் அவர்கள் வளர்த்ததில்லை. சுருங்கச் சொன்னால், முதன்முறைப் பயிர்காரர். வேறுபாடு என்னவெனில், அவர்களின் தொட்டி ஒரு மலைநாடு முழுவதும்.

1869 இல் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத்தூள் படிந்திருப்பது தெரியவந்தது. பேராதனைத் தாவரப் பூங்காவின் துவெயிற்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்ப, பார்க்கிளி என்னும் பாதிரியார் தம் நண்பர் புரூமுடன் சேர்ந்து அப்பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வஸ்டாட்றிக்ஸ் என்று பெயரிட்டார். அப்பெயரின் பிற்பாதிக்கு நாசகாரி என்று பொருள். நோயின் பெயர் முதலாண்டிலேயே தெரிந்துவிட்டது. ஆயினும் தோட்டத் துரைமார் பெயரை நம்பினரில்லை. மண் களைத்தது என்றனர், பருவம் பிழைத்தது என்றனர். பசளை இட்டனர், கந்தகமும் சுண்ணாம்பும் தூவினர். நாம் யூரியாவுடன் நின்ற அதே நிலைதான். ஆனால் அவர்களை ஏமாற்றிய பொருளொன்று நம்மிடம் இல்லாதது: சந்தை. எழுபதுகளில் உலகச் சந்தையிற் கோப்பியின் விலை ஏறிற்று. ஒரு மரத்தின் விளைச்சல் குறைந்தாலும் கணக்கேட்டில் இலாபம் குறையவில்லை. எனவே நோய் பரவிக்கொண்டிருக்க, அவர்கள் மேலும் காடழித்து மேலும் கோப்பி நட்டனர். 1878 அளவிற் பயிரிட்ட பரப்பு இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கரை எட்டியிருந்தது. கணக்கேடு வாடாதவரை செடி வாடியது கண்ணிற் படவில்லை.

1880 இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி அரசினால் அழைக்கப்பட்டு இலங்கை வந்தார். இரண்டாண்டுகள் இருந்தார். பூஞ்சணத்தின் வித்திகளைக் காற்று சுமந்து செல்வதை, பசைதடவிய கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்துப் பிடித்துக் காட்டினார். இலைமேல் நிற்கும் நீர்த்துளியில் அவ்வித்தி முளைத்து, இலைவாயின் வழியே உட்புகுவதைத் தொடர்ந்து கண்டார். உண்மை அதுதான். ஒரே பயிரை மலைக்கு மலை, இடையே தடையின்றி நட்டமையால் காற்றுக்கும் நோய்க்கும் திறந்த வீதி அமைந்துவிட்டது. துரைமார் எதிர்பார்த்ததோ மருந்து. அவர் கொண்டுவந்தது காரணம். அவரைக் கொண்டாடுவார் இல்லை. திராட்சைக் கொடிக்குச் செப்புக் கலவை தெளிக்கும் முறை பிரான்சில் வெளிப்பட்டதே 1885 இல். அதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது.

முடிந்தது யாருக்கு என்று கேட்பது நம் கடமை. 1884 இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. துரைமாரிற் சிலர் ஓட்டாண்டிகளாயினர் என்பதை மறுப்பதற்கில்லை. வேறு சிலர் சிங்கோனா நட்டனர். பிறகு தேயிலைக்கு மாறினர். 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அவர்களைக் காத்தது. ஆனால் கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நிற்க, கங்காணியிடம் பட்ட கடன் மட்டும் நில்லாது வளர, வந்த வழியே மன்னாருக்குத் திரும்பி நடந்தவனுக்கு மாற்றுப் பயிர் எது? அவன் நோயைக் கொண்டுவரவில்லை. ஒரே பயிரை நடச் சொன்னவன் அவனல்லன். விலை ஏறியபோது அவன் பங்கு ஏறவுமில்லை. தெரியாமற் செய்தவர் ஒருவர். அதன் விலையைக் கொடுத்தவர் இன்னொருவர்.

இந்த இடத்தில் 'தெரியாமல் நடந்தது' என்னும் இரக்கம் நமக்குக் கைகொடுக்க மறுக்கிறது. மூடிய அறைக்குள் இருந்த இளைஞனின் அறியாமை ஒரு வகை: கேட்க அவனுக்கு வழியில்லை. நம் மிளகுத் தொட்டியின் அறியாமை வேறு வகை: கேட்க வழியிருந்தும் வெட்கத்தால் கேளாதிருந்தோம், நட்டமும் நம்முடையதே. துரைமாரின் அறியாமை மூன்றாவது. பேராதனை அருகில் இருந்தது. சொல்ல ஆள் இருந்தார். கேளாமலிருப்பதில் இலாபம் இருந்தது. நட்டமோ பிறர் தலையில். இதையும் அறியாமை என்ற ஒரே சொல்லால் அழைப்பது மொழியின் வறுமையன்றி வேறென்ன? 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே ஆணையால் நிறுத்தப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். எச்சரித்த விவசாய அறிஞர் இருந்தனர். நெல் மஞ்சளித்தது ஆணை பிறப்பித்தோரின் முற்றத்திலன்று.

வள்ளுவரிடம் மறுபடியும் போகவேண்டியிருக்கிறது. மருத்துவத்தின் உறுப்புகளை நான்காக வகுக்கையில், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாக அவர் வைப்பது நோயாளியின் அருகிலிருந்து பணி செய்பவனை. பள்ளியில் அந்த நான்காமவனை நாம் விரைந்து கடந்துவிடுவோம். தேர்வில் அவனைப் பற்றிக் கேள்வி வருவது அரிது. கோப்பி வரலாற்றிலும் துரைமாரின் கடிதங்கள் உண்டு, விஞ்ஞானியின் அறிக்கைகள் உண்டு. ஒவ்வொரு மரத்தின் ஒவ்வொரு கிளையையும் நாள்தோறும் கையால் தொட்ட ஆணும் பெண்ணும் அந்தத் தூளை எப்போது முதலிற் கண்டனர், தமக்குள் அதற்கு என்ன பெயரிட்டனர் என்பது அவ்வேடுகளில் இல்லை.

இவற்றையெல்லாம் மறுவாரம் வகுப்பிற் பேசினோம். நாம் ஏதோ பழங்கதை சொல்வதாக எண்ணியிருந்தோம். நாளிதழ்த் துண்டைக் கொண்டுவந்த அதே மாணவன் எழுந்தான். அவன் தாய் அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிப்பவர். மழை தொடங்கிய கிழமையில் இளங்கொழுந்திற் கொப்புளம் கண்டிருந்ததாம். 1946 இல் இத்தீவுக்கு வந்த கொப்புள நோய் அது. ஈர நாட்களில் விரைந்து பரவும். மூன்று கிழமை கழித்தே தோட்டத்தில் மருந்து தெளித்தனர். கொழுந்து குறைந்த அந்நாட்களில் நிறை போதவில்லையென்று அவன் தாய்க்கு அரைப் பேர் போட்டனர்.

"அம்மா முன்னுக்கே கண்டவதானே, ஏன் சொல்லேல்ல?" என்று கேட்டோம்.

"கேட்டாத்தானே சேர் சொல்லுவாங்க" என்றான். பிறகு, நாம் ஒன்றும் பேசாதிருக்கவே, "ஒருக்காச் சொன்னவ. கொழுந்தைப் பறி, கதையை விடு எண்டு சொன்னாங்களாம்" என்று சேர்த்துக்கொண்டான்.

அன்று அவனிடம் ஒரு பயிற்சிப் புத்தகம் கொடுத்தோம். தாய் மலையில் காண்பதை, எந்த நாள், எந்த மலை, எந்த இலை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிவருமாறு கேட்டிருக்கிறோம். இதுவரை பதினோரு பக்கம் நிறைந்திருக்கிறது. அதைப் போதனாசிரிய நண்பரிடம் காட்டினோம். இரண்டு நாள் வைத்திருந்து படித்தார். கொப்புளம் முதலில் எந்தப் பக்கத்துச் சரிவில் வருகிறது என்பதைத் தாம் இதுவரை இவ்வளவு நுணுக்கமாக அறிந்ததில்லை என்று சொல்லித் திருப்பித் தந்தார். தோட்டத்துக்கு அதைக் கொண்டுபோகலாமா என்று மாணவன் கேட்கிறான். தாய் வேண்டாம் என்கிறார். பேர் வெட்டிவிடுவார்கள் என்ற அச்சம் அவருக்கு. புத்தகம் இப்போது நம் மேசையில்தான் இருக்கிறது.