உடல் உணர்வதும் உள்ளம் முடிவு செய்வதும்

2012 ஏப்ரல் 11 பிற்பகலில் பெங்களூரின் உயரமான கட்டடங்கள் சில மெல்ல அசைந்தன. அலுவலகங்களில் இருந்தோர் அஞ்சி வீதிக்கு விரைந்தனர். சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் 8.6 அளவில் நேர்ந்த நிலநடுக்கமே காரணம்.

நிலம் அதிர்வதற்கு முன்பே தம் உடல் அதை அறிவதாகச் சிலர் கருதுகின்றனர். தலைவலி, காதில் ஒலி, இனம்புரியாத கலக்கம் ஆகியவற்றை அடையாளமாகச் சொல்கின்றனர். அவர்கள் படும் வேதனை பொய்யன்று. அதை எள்ளுவது அறமுமன்று. எனினும் வேதனை ஒன்று, அதற்குப் பூமியே காரணம் என்னும் முடிவு வேறொன்று. 5-க்கு மேற்பட்ட அளவுள்ள நிலநடுக்கங்கள் உலகில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் அதிகமாக நிகழ்கின்றன. எந்த நாளில் தலை வலித்தாலும் பொருத்திப் பார்க்க ஒரு நடுக்கம் கிடைத்துவிடும். பொருந்தியது நினைவில் தங்குகிறது. பொருந்தாதது மறைந்து போகிறது.

பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் 1960-களிலிருந்து நிலநடுக்க உணர்கருவிகள் இயங்கி வருகின்றன. அதிர்ந்த நாளையும் அமைதியான நாளையும் அவை வேறுபாடின்றிப் பதிகின்றன. விருப்பு வெறுப்பற்ற இந்தச் சாட்சி நிலையைத் தன் உடலுணர்வின் மீதும் செலுத்துபவனே உண்மையை நாடுபவன். அவன் தன் உணர்வை நாளிட்டு முன்கூட்டியே எழுதி வைப்பான், தவறியவற்றையும் எண்ணுவான், சோதித்தறியாத ஒன்றைச் சொல்லி அண்டை வீட்டாரை அச்சுறுத்த மாட்டான்.

2001 ஜனவரி 26-இல் குஜராத்தின் பூஜ் பகுதி இடிந்து வீழ்ந்தது. அந்த அதிர்வைச் சிறிதும் உணராத ஊர்களிலிருந்தும் மக்கள் உதவிக்குச் சென்றனர். பிறர் துயரை அறிய அவர்களுக்கு முன்னறிவு எதுவும் தேவைப்படவில்லை. வளர்த்துக்கொள்ளத் தக்க நுண்ணுணர்வு அதுவே.