கற்றாழையும் பொறுமையும்

நீர் வாராவிடினும் எளிதில் மாளாத செடிக்கு நீர் வார்க்கும் கடமை நமக்கு உண்டா? எளியதாய்த் தோன்றும் இவ்வினா, சிந்திக்கச் சிந்திக்க நம்மை நம் இல்லங்களுக்குள்ளேயே இட்டுச் செல்கிறது.

சோற்றுக் கற்றாழையை எடுத்துக்கொள்வோம். ரோஜாவுக்கு ஒருநாள் தண்ணீர் தவறினால் பதறும் நாம், கொல்லை மூலையில் உடைந்த சட்டியில் நிற்கும் கற்றாழையை வாரக்கணக்கில் மறந்துவிடுகிறோம். அதுவும் பிழைத்துக் கிடக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்குகின்றன. கற்றாழையோ வெயில் தணிந்த இரவில் அவற்றைத் திறந்து, பகலில் மூடி, மடலில் சேமித்த நீரைக் காக்கிறது.

இச்சிக்கனத்திற்கு விலையும் உண்டு. வறட்சி நீடிக்குமாயின் வளர்ச்சி நின்றுவிடுகிறது, சேமிப்பு கரைகிறது, மடல் மெலிந்து ஓரம் சுருள, பசுமை மங்கிச் செம்மை படர்கிறது. அது சாகவில்லை என்பதைக் கண்டு, அதற்கு ஒரு குறையும் இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பிழைத்திருப்பது வேறு, தழைத்திருப்பது வேறு.

அரபு மொழியில் பொறுமையைக் குறிக்கும் ‘ஸப்ரு’ என்னும் சொல்லும், கற்றாழையின் கசப்புச் சாற்றைக் குறிக்கும் ‘ஸபிர்’ என்னும் சொல்லும் ஒரே வேரெழுத்துகளைக் கொண்டவை. பொறுமையைப் புகழ்வோர் அதன் கசப்பையும் அறிந்திருக்க வேண்டும் என இவ்வுறவு நமக்கு உணர்த்துகிறது. அக்கசப்பை அருந்துபவர் ஒருவர். அதன் பயனைத் துய்ப்பவரோ பெரும்பாலும் வேறொருவர்.

எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் தாய், தம்பியின் படிப்புக்காகத் தன் படிப்பை நிறுத்திக்கொண்ட மூத்த மகள், எதைக் கேட்டாலும் “ஒன்றும் வேண்டாம்” என்னும் முதியவர்: இவர்களின் பொறுமையைப் பாராட்டும் நாம், அப்பாராட்டையே அவர்களுக்குச் செய்யும் கடமையாகக் கொண்டுவிடுகிறோம். பொறுத்துக்கொள்வது அவர்களின் பண்பு. அதனால் நம் பொறுப்பு நீங்கிவிடாது. அழுபவனுக்கு நாம் தருவதில் ஒரு பகுதி அவன் அழுகையை நிறுத்துவதற்காகவே. அழாதவனுக்குத் தருவதில்தான் நம் நீதி வெளிப்படுகிறது.

அதற்காக ஒரேயடியாக நீரைக் கொட்டினால் கற்றாழையின் வேர் அழுகிவிடும். அதற்கு வேண்டுவது, மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் அளவோடு வார்க்கும் கைதான். அக்கை கிடைத்தால், மெலிந்த மடல் மெல்ல மெல்ல மீண்டும் திரளும்.

மனிதரிடத்தும் அவ்வாறே. “வேண்டாம்” என்பவரை அத்துடன் விட்டுவிடாமல், அருகமர்ந்து இன்னொரு முறையும் கேட்போமாக!