எருவும் தீட்டும்

சேலம், நாமக்கல் சமவெளியின் மேட்டுக்காடுகளில் எரு மதிப்புள்ள பொருள். தொழுவத்துக் குப்பை கோடையில் வண்டியிலும் டிராக்டரிலும் காட்டுக்கு அடிக்கப்படுகிறது. அறுவடை முடிந்த நிலத்தில் செம்மறியாட்டுப் பட்டி போட்டு இரவில் ஆடுகளை அடைப்பதற்காக நிலத்துக்காரர் ஆட்டுக்காரருக்குக் கூலி கொடுக்கிறார். நாமக்கல்லைச் சுற்றியுள்ள பண்ணைகளில் கூண்டுகளுக்கு அடியில் குவியும் கோழி எரு லோடு கணக்கில் விலைக்குப் போகிறது. காவிரியின் அக்கரையில் உள்ள கொடுமுடியின் மருத்துவர் கே. நடராஜன், பசுவின் சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஆகிய ஐந்தும் சேர்ந்த பஞ்சகவ்யம் என்னும் கோயில் பொருளைப் பயிர் ஊக்கியாக்கி உழவர்களிடையே பரப்பியபோது, வழிபாட்டுக்கு உரியது வயலுக்குப் போகலாமா என்று தயங்கியவர்கள் மிகச் சிலரே. மாடு, ஆடு, கோழி என்று நீளும் இந்த வரிசையில் மனிதனின் கழிவுக்கு மட்டும் இடமில்லை. அதே நிலத்தில் விளைந்ததை உண்டு, அந்த நிலத்தின் சத்தையே உடலிலிருந்து வெளியேற்றும் உயிர்களில் மனிதன் மட்டும் தன் பங்கை மண்ணுக்குத் திருப்பித் தருவதில்லை.

இதை வெறும் அருவருப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. நாற்றமே காரணம் என்றால், மழைக்காலத்துக் கோழி எருவை யாரும் தொடமாட்டார்கள். இங்கே வேலை செய்வது தூய்மை பற்றிய ஒரு கருத்து. அது சமயங்கள் வழியாகவும் சாதி வழியாகவும் வந்த கருத்து. ஆகவே முதலில் கேட்கவேண்டியது, தீட்டு என்பது ஒரு பொருளோடு பிறந்து அதோடு என்றும் இருப்பதா, அல்லது அந்தப் பொருள் ஒரு நேரத்தில், ஓர் இடத்தில் இருக்கும் நிலையா என்பதுதான்.

அந்தக் கேள்விக்குள் போகும் முன் பொருளின் உண்மை நிலையைக் காண்பது முறை. வளர்ந்த ஒருவர் ஆண்டொன்றுக்குச் சுமார் 500 லிட்டர் சிறுநீரும் 50 கிலோ அளவுக்கு மலமும் கழிக்கிறார். பயிரின் இலைக்கும் தண்டுக்கும் வேண்டிய தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், மிகப் பெரும்பகுதி சிறுநீரிலேயே போய்விடுகிறது. வேருக்கும் மணிக்கும் வேண்டிய மணிச்சத்திலும், கிழங்கு பருக்கத் துணைசெய்யும் சாம்பல் சத்திலும் பாதிக்கு மேற்பட்டது அதில்தான் உண்டு. சாம்பல் சத்தை மிகுதியாக இழுக்கும் குச்சிக்கிழங்கைப் பெருமளவில் பயிரிடும் இந்த வட்டாரத்தில், நாடு அநேகமாக முழுவதும் இறக்குமதி செய்யும் பொட்டாஷ் மூட்டைகளை உழவர் காசு கொடுத்து வாங்குகையில், அதே சத்து நாள்தோறும் சாக்கடையில் ஓடுகிறது என்பது கவலைப்படவேண்டிய செய்தி.

ஆனால் முன்னோரின் அச்சத்திலும் நியாயம் உண்டு. மனித மலம் மனிதரைப் பிடிக்கும் நோய்களையே சுமக்கிறது. காலரா, டைபாய்டு கிருமிகளோடு உருளைப்புழுவின் முட்டைகளும் அதில் இருக்கக்கூடும், அந்த முட்டைகள் ஈர மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பச்சை மலத்தை வயலில் கொட்டுவது எருவிடுதல் ஆகாது, நோயை விதைப்பதுதான். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதற்குச் சொல்லும் மாற்று எளியது: சாம்பலோ சுண்ணாம்போ கலந்து காரத்தன்மையை உயர்த்தி ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கவேண்டும், அவ்வாறு கலக்காவிட்டால், நம்முடையது போன்ற வெப்பப் பகுதியில் ஓராண்டுக்கு மேல் மூடிவைக்கவேண்டும். வெப்பம், வறட்சி, காரம் ஆகிய மூன்றும் இதில் உதவி செய்தாலும், அவை வேலை செய்ய வேண்டிய நாளைக் கொடுப்பது காலம்தான்.

இந்த விடையோடு, வேறு மொழியில், பழைய அற நூல்களும் ஒத்துப்போகின்றன என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றாகிய ஆசாரக்கோவையில், அதன் ஆசிரியர் பெருவாயின் முள்ளியார், உமிழவும் மலசலம் கழிக்கவும் கூடாத பத்து இடங்களை வரிசைப்படுத்துகிறார். புல்லும் பசும்பயிரும், சாணமும் சாம்பலும், சுடலையும் வழியும், நீர்த்துறையும் கோயிலும், மர நிழலும் மாட்டுத் தொழுவமும் அந்தப் பட்டியலில் அடங்கும். பசும்பயிர் விலக்கப்பட்டதால் மனித எருவும் விலக்கப்பட்டது என்று சிலர் கொள்ளலாம், அது பொருந்தாது. பத்து இடங்களும் பிறர் நடக்கிற, குளிக்கிற, இளைப்பாறுகிற, கையாளுகிற இடங்கள். பிறர் புழங்கும் இடத்தில் பச்சைக் கழிவை விட்டுச்செல்லாதே என்பதே அங்கே சொல்லப்படும் ஒழுக்கம்; மண்ணுக்குள் மறைந்து மண்ணாகவே ஆகிவிட்டதைப் பற்றி நூல் எதுவும் பேசவில்லை. விவிலியத்தின் உபாகமம் 23ஆம் அதிகாரம், பாளையத்துக்கு வெளியே சென்று குழி தோண்டி மூடிவிட்டு வரும்படி படைவீரருக்குக் கட்டளையிடுகிறது. சமணத் துறவியர்க்கு விதிக்கப்பட்ட ஐந்து சமிதிகளில், அதாவது நடத்தையில் கொள்ளவேண்டிய ஐந்து கவனங்களில், கடைசியானது உயிர்களுக்கு ஊறு நேராத இடம் பார்த்துக் கழிவை விடுவது. இஸ்லாமியச் சட்டவியலில் இஸ்திஹாலா என்றொரு கருத்து உண்டு. அசுத்தமான பொருள் தன் இயல்பே மாறி வேறொரு பொருளாகிவிட்டால் அதன் அசுத்தமும் போய்விடுகிறது என்பது அதன் பொருள், ஹனஃபி அறிஞர்கள் இதை விரிவாகவும் ஷாஃபி அறிஞர்கள் குறுக்கியும் ஏற்கின்றனர்.

இவை எல்லாவற்றிலும் தெளிவாகப் பேசுவது யாக்ஞவல்கிய ஸ்மிருதி. தீட்டுப்பட்ட நிலம் எவ்வாறு தூய்மையாகும் என்று சொல்லும் இடத்தில், கூட்டுதல், எரித்தல், பசு நடத்தல், சாணம் மெழுகுதல் முதலியவற்றோடு காலத்தையும் அது ஒரு வழியாக எண்ணுகிறது. யாரும் எதுவும் செய்யாமல் விட்டாலும், காலம் கடந்தால் நிலம் தூயதாகிவிடும் என்பது இதன் கருத்து. மக்களின் வழக்கமும் இதை ஒட்டியே செல்கிறது. சாவுத் தீட்டு கருமாதியோடு கழிகிறது. பிள்ளைப்பேற்றுத் தீட்டு குறித்த நாளில் முடிகிறது. மாதத் தீட்டு தலை முழுக்கோடு போகிறது. தீட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு வைத்திருக்கிறார்கள்.

கெடு வைக்கப்படாத தீட்டும் ஒன்று உண்டு. அது மலத்தை அள்ளிய மனிதர் மேல் ஏற்றப்பட்ட தீட்டு. நிலத்தில் விழுந்த மலம் ஓராண்டில் மண்ணாகிவிட, அதைச் சுமந்தவரின் பேரப்பிள்ளைக்கும் கொள்ளுப்பேரனுக்கும் தீட்டு தொடர்ந்தது. இந்த வழக்கத்துக்குத் தத்துவ நியாயம் எதுவும் இல்லை. காலத்தால் தீட்டு கழியும் என்று அந்த நூல்களே சொல்லும் கருத்துக்கு அது முரணானது. 1866இல் நகராட்சியான சேலத்திலும், மேற்குத் தமிழகத்தின் பிற ஊர்களிலும், வீட்டின் பின்சந்து வழியாக வந்து வாளியில் அள்ளிச் செல்லும் எடுப்புக் கழிப்பிட வேலை பெரிதும் அருந்ததியர் மேல் சுமத்தப்பட்டது. பெங்களூரில் 1939இல் சி. என். ஆச்சாரியா உருவாக்கிய முறைப்படி, நகரக் குப்பையையும் மலத்தையும் குழியில் மாறி மாறி அடுக்கி மக்கவைத்து உரமாக்கும் திட்டம் உழவியல் நோக்கில் சிறந்தது என்பதில் ஐயமில்லை. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு செய்த மக்கு உர ஆய்வுகளும் அவ்வாறே. ஆனால் குழி வரைக்கும் அந்த மலத்தைத் தலையில் சுமந்து வந்தவர் யார் என்ற கேள்வியை இந்த முறைகள் தீர்க்கவில்லை. உரம் விலை பெற்றது, சுமந்தவர் தெருவுக்கு வெளியிலேயே நின்றார்.

1901இல் கல்கத்தா காங்கிரசு மாநாட்டில், கழிப்பிடம் அசுத்தமாகக் கிடந்தும் அது தோட்டியின் வேலை என்று தொண்டர்கள் ஒதுங்கியபோது, காந்தி தானே துடைப்பம் கேட்டு வாங்கிச் சுத்தம் செய்தார். பின்னாளில் அவர் ஆசிரமங்களில், ஓரடிக்கு மிகாத ஆழத்தில் மலத்தைப் புதைத்து மேலே மண் மூடும் முறையை வலியுறுத்தினார். மேல்மண்ணில்தான் அதை எருவாக்கும் நுண்ணுயிர்கள் செறிந்து வாழ்கின்றன என்பது அதன் காரணம். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி தொடங்கிய காந்தி ஆசிரமத்தால், அந்த நிர்மாணப் பணி மரபு இந்த வட்டாரத்துக்கும் வந்தது. ஆனால் 1945இல் வெளிவந்த நூலில் அம்பேத்கர் எழுப்பிய மறுப்பு மிகக் கடுமையானது, நியாயமானதும் கூட: பிறப்பால் அந்த வேலைக்குத் தள்ளப்பட்டவரிடம் அதன் உயர்வைப் போற்றிப் பேசுவது, அவரை அங்கேயே கட்டிவைப்பதாகும். இருவரையும் சேர்த்துப் படிக்கையில் வேலை உயர்ந்ததா தாழ்ந்ததா என்ற வழக்கு பின்னுக்குப் போய்விடுகிறது. தன் கழிவைத் தானே கையாளுதல் ஒருவருக்குத் தவமாகலாம். பிறர் கழிவைப் பிறப்பின் பெயரால் கையாளவைத்தல் எக்காலத்திலும் தவமாகாது.

இந்த வேறுபாட்டை ஒரு கட்டடமாகவே கட்டிக் காட்டிய முயற்சி, நாமக்கல் மாவட்ட எல்லையை அடுத்து, திருச்சி மாவட்டத்தின் காவிரிக் கரையில் உள்ள முசிறியில் நடந்தது. அங்கே நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால், குழிக் கழிப்பறை வெட்டினால் கழிவு கிணற்று நீரில் கலந்துவிடும். 2021இல் பத்மஸ்ரீ பெற்ற மராச்சி சுப்புராமனின் ஸ்கோப் என்னும் தொண்டு நிறுவனம், 2000த்தை ஒட்டிய ஆண்டுகளிலிருந்து சூழல்சார் கழிப்பறை என்ற வகையை அங்கே வீடுகளிலும் பொது இடத்திலும் கட்டத் தொடங்கியது. தரைக்கு மேலே எழுப்பிய இரண்டு அறைகள், அவற்றின் மேல் மேடை, மேடையில் ஒரு பீங்கான். பீங்கானின் நடுத்துளை வழியாக மலம் அறைக்குள் விழும், முன்பக்கத்துத் துளை வழியாகச் சிறுநீர் குழாயில் போய்த் தொட்டியில் சேரும், கால் கழுவுவதற்குச் சற்றுத் தள்ளித் தனியிடம் உண்டு, அந்த நீர் வாழையோ கல்வாழையோ நிற்கும் பாத்திக்குப் பாயும். வேறு நாடுகளில் காகிதத்தால் துடைப்பவர்க்காக வடிவமைத்ததைத் தண்ணீரால் கழுவும் மக்களின் சுத்த உணர்வுக்கு ஏற்பத் திருத்தியதில்தான் இதன் வெற்றி இருக்கிறது. சமய வழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளியிருந்தால் ஒரு வீட்டிலும் இது நுழைந்திருக்காது. எழுந்தவுடன் தகர டப்பாவிலிருந்து ஒரு கை அடுப்புச் சாம்பலைத் துளையில் தூவி மூடிவிடவேண்டும். ஓர் அறை நிறைந்ததும் அதை அடைத்து மற்றதைத் திறக்கிறார்கள்; இரண்டாவது நிறையும்போது முதல் அறையில் இருப்பது கருமையாக, உதிரியாக, மழை விழுந்த மண்ணின் வாசத்தோடு இருக்கும். முசிறியின் பொதுக் கழிப்பிடத்தில், சிறுநீருக்கு மதிப்பு உண்டு என்பதை உணர்த்தும் வகையில், பயன்படுத்துவோருக்கே சிறு தொகை கொடுத்த காலமும் இருந்தது.

இதற்கு எதிர்த்திசையில் நிற்பது நகரம் தூய்மை என்று நம்பும் தண்ணீர்க் கழிப்பறை. சேர்வராயன் மலைப் பக்கம் தோன்றி, சேலம் சுகவனேசுவரர் கோயிலை ஒட்டி ஓடி, நாமக்கல் மாவட்டம் வழியே காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாற்றுக்கு ஒரு காலத்தில் தீர்த்தம் என்ற பெருமை இருந்தது. இன்று சேலம் நகரத்தின் சாக்கடைநீர் அதில்தான் இறங்குகிறது. வீட்டின் கண்ணுக்குத் தெரியாமல் போனதால் அசுத்தம் அற்றுப்போயிற்று என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு நம்புகிறோம். ஆசாரக்கோவையின் பத்து இடங்களில் நீர்த்துறையும் ஒன்று என்பதை நினைத்தால், ஆற்றங்கரைக் கோயிலில் தேங்காய் உடைக்கும் குடும்பம் தன் கழிவை அதே ஆற்றில் சேர்ப்பது எளிதில் கடந்துபோகக்கூடிய முரண் அல்ல. மண்ணில் மக்கவேண்டியதை நீரில் விடுவது சுகாதாரத்துக்கு மட்டும் அல்ல, பக்திக்கும் இழைக்கும் தவறாகும்.

எனினும் சூழல்சார் கழிப்பறை கட்டியதாலேயே சாதித் தீட்டு கரைந்துவிடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், முழுமையாக மக்குவதற்கு முன்பு மனிதக் கழிவைக் கையாளுவதையே குற்றமாக வரையறுக்கிறது. மக்கியபின் அது சட்டத்தின் கண்ணிலும் மலமாக இருப்பதில்லை. காலத்தால் நிலம் தூய்மையாகும் என்ற யாக்ஞவல்கியரின் கருத்தும் இந்தச் சட்டமும் ஒரே இடத்தில் கோடு கிழிக்கின்றன. அவ்வாறு இருந்தும், அறையைத் திறக்கும் நாள் வந்ததும் பழைய சாதிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு விடும் பழக்கம் தலைதூக்கினால், மாறியது கட்டடம் மட்டும்தான். 2017 பிப்ரவரியில், தெலங்கானாவின் வாரங்கல் பகுதியில் உள்ள கங்காதேவிபள்ளியில், மத்திய அரசின் துப்புரவுத் துறைச் செயலர் பரமேசுவரன் ஐயரும் பல மாநில அதிகாரிகளும் இரட்டைக் குழிக் கழிப்பறையின் மக்கிய குழிக்குள் இறங்கித் தம் கையாலேயே உரத்தை அள்ளிக் காட்டினர். அது செய்யவேண்டிய செயல்தான். ஆனால் அதே உரத்தை ஓர் அருந்ததியர் அள்ளினால் அவர் தொழிலாளியாகவே பார்க்கப்படுகிறார், அதிகாரி அள்ளினால் முன்மாதிரி ஆகிறார். பொருள் ஒன்றே, காலமும் கடந்துவிட்டது, கைகள் மட்டுமே வேறு. வீட்டுக்குள்ளேயும் இதே கேள்வி இன்னொரு வடிவில் இருக்கிறது. சாம்பல் டப்பாவை நிரப்புவதும் பீங்கானைத் துடைப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலையாகவே விடப்படுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் அறை திறக்கும் நாளில், மண்வெட்டியை எடுத்துத் தன் குடும்பத்தின் எருவைத் தன் தென்னைக்கும் வாழைக்கும் தானே இடவேண்டியவர், வீட்டுத் தலைவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஆணே.