சான்றோர் வாக்கும் ஆசிரியர் கடனும்

காட்சி, கருதல், உரை என்னும் அளவைகள் மூன்றனுள், பாடசாலையிலே மிகுதியாக வழங்குவது உரையளவையேயாம். மாணாக்கன் தான் காணாததையும், தன் அறிவினால் உய்த்துணர மாட்டாததையும், ஆசிரியர் வாய்ச்சொல்லை நம்பியே கொள்ளுகின்றான். உரை பிரமாணமாதற்கு உரைத்தவர் ஆப்தராதல் வேண்டும் என்பர் நூலோர். இறைவன் நூலாகிய ஆகமத்தை ஈண்டு எடுத்துக்கொண்டோமல்லம். மனிதராகிய அறிஞர் வாக்கையே எடுத்துக்கொண்டோம். அதற்கு இன்னுமொன்று வேண்டும். அவ்வுரை மெய்யாகவே அவருடையதாதல் வேண்டும். முன்னையதை ஆராய்வார் பலர். பின்னையதை ஆராய்வார் சிலரே.

சில ஆண்டுகளுக்கு முன், இதனை எழுதுவோன் ஒரு வகுப்பிலே விவேகானந்த சுவாமிகள் கூறியதாக ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினான். மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, சுவாமிகள் இதை எங்கே சொன்னவர்?" என்று வினாவினாள். ஒரு நாட்காட்டியிற் கண்டதேயன்றி வேறு விடையில்லை. பின்னர்ப் பலகால் தேடியும் அவ்வாக்கியம் அகப்படவில்லை. ஆயினும், தேடியதனாற் சில உண்மைகள் விளங்கின.

சுவாமிகள் (1863–1902) வாக்குகளைக் கொண்ட ஆங்கில நூற்றொகுதிகள் ஒன்பது. அவற்றில் உள்ளன எல்லாம் ஒரு தன்மையனவல்ல. அவர் தாமே எழுதிய கடிதங்களும் பாடல்களும் கட்டுரைகளும் முதல் வகை. இவற்றிற்கு அவர் எழுத்தே சான்று.

சொற்பொழிவுகள் இரண்டாம் வகை. பெரும்பாலும் அவர் எழுதிவைத்துப் படிப்பவரல்லர். ஆதலின் கேட்டவர் குறித்தவையே நமக்குக் கிடைத்தன. 1893 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் சிக்காகோ நகரத்துச் சர்வசமயப் பேரவையிலே பேசிய பின்னர், ஏறக்குறைய இரண்டாண்டு வரையில் அவர் அமெரிக்காவிற் பேசியவற்றுட் பல, பத்திரிகைச் சுருக்கங்களாகவே எஞ்சின. அப்பத்திரிகைகளில் அவர் பெயர்தானும் பிழைபட அச்சிடப்பட்டதுண்டு. 1895 ஆம் ஆண்டின் இறுதியிலே, குட்வின் என்னும் ஆங்கிலேயர் நியூயோர்க்கில் அவருக்குச் சுருக்கெழுத்தாளராக அமர்ந்தார். கர்மயோகம் என்னும் நூல் அவர் குறித்த சொற்பொழிவுகளால் ஆயது. அவ்வன்பர் 1898 ஆம் ஆண்டு உதகமண்டலத்திலே இளவயதில் இறந்தனர்.

பேட்டிகளும் சம்பாஷணைகளும் மூன்றாம் வகை. 1895 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து இலண்டன் பத்திரிகையொன்றிலும், 1897 ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்துச் சென்னை 'ஹிந்து' பத்திரிகையிலும் வந்த பேட்டிகள் இத்தகையன. இவற்றிலே கருத்து சுவாமிகளுடையதாயினும், சொல்லைத் தெரிந்து கோத்தவர் நிருபர். சரச்சந்திர சக்கரவர்த்தி என்னும் மாணாக்கர் வங்காள மொழியிற் குறித்த சம்பாஷணைகளோ, ஆங்கில வழியாகத் தமிழுக்கு வரும்போது இருமுறை உடை மாறியனவாம்.

நம் நாட்டு நிகழ்ச்சியும் இதனை விளக்கும். 1897 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சுவாமிகள் கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணம் வந்து, இந்துக் கல்லூரியிலே வேதாந்தத்தைக் குறித்துப் பேசினார். அப்பேச்சு, கொழும்பு முதல் அல்மோரா வரை நிகழ்த்திய சொற்பொழிவுகளின் தொகுதியிலே இன்றும் உளது. ஆறுமுக நாவலர் அவர்களோ, 1847 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆந் தேதி வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே பிரசங்கஞ் செய்யத் தொடங்கிய காலத்தில், அருகிருந்து சொல்லுக்குச் சொல் குறிக்கும் சுருக்கெழுத்தாளர் இலர். அவர் தாமே எழுதிப் பதிப்பித்த வசன நூல்களே அவர் வாக்கிற்கு உறுதியான சான்று. ஆதலின் "நாவலர் எழுதினார்" என்பதும் "நாவலர் சொன்னார் என்பர்" என்பதும் ஒன்றாகா.

அற்றேல், "பொருள் நன்றாயின் யார் சொன்னாலென்ன? யாவர் வாய்க் கேட்பினும் மெய்ப்பொருளே காணவேண்டும் என்று வள்ளுவரும் கருதினாரன்றோ?" எனின், நன்று கடாயினாய். பொருளே போதுமாயின், பெயரை விட்டுப் பொருளை மாத்திரம் சொல்லுக. பெயரைச் சேர்ப்பது எதற்கு? அப்பெரியாருடைய மதிப்பினால் நம் சொல் வலிமை பெறவேண்டும் என்பதற்கன்றோ? பிறர் மதிப்பை அவர் அறியாமல் எடுத்து வழங்குவது, பிறர் பொருளை அவர் அறியாமல் எடுத்து வழங்குவதினும் எவ்வாறு வேறாகும்? மேலும், மறுத்தற்கு அவர் இன்று இலர்; ஆராய்தற்கு மாணாக்கன் வல்லனல்லன். இவ்விருவரும் நம்பியிருப்பது ஆசிரியருடைய நேர்மை ஒன்றையே.

சைவ சித்தாந்திகளாகிய நமக்கு இதில் இன்னும் விழிப்பு வேண்டும். சுவாமிகள் வேதாந்தி. அவர் வாக்கொன்றை முன்பின் அறுத்தெடுத்து, நம் கொள்கைக்குத் துணையாக நிறுத்துதல் எளிது. ஆனால் அஃது அறமன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிலே, பிறர் கொள்கையைப் பரபக்கத்தில் எடுத்தோதி மறுத்த பின்னரன்றோ தம் கொள்கையைச் சுபக்கத்தில் நிறுவினார்? மறுக்கப்படுவோருக்கே அவர் சொல்லை அவர் சொல்லாக வழங்கும் கடன் உண்டாயின், மதிக்கப்படுவோருக்கு அக்கடன் எவ்வளவு பெரிது!

ஆதலின் ஆசிரியர்காள், ஓர் அறிஞர் வாக்கை எடுத்தாளுமுன் நான்கு வினாக்களை நிகழ்த்துக. எந்நூலில் உளது? அவர் எழுதியதோ, பிறர் குறித்ததோ? எம்மொழியில் முதலிற் பிறந்தது? அதன் முன்னும் பின்னும் உள்ளவை யாவை? விடை கிடைக்குமாயின் இடஞ்சுட்டிச் சொல்லுக. கிடையாதாயின் பெயரின்றிச் சொல்லுக.

மாணாக்கர் வினாவும்போது, "அறியேன், தேடிச் சொல்லுவேன்" என்று கூறுதல் ஆசிரியருக்கு இழுக்கன்று. அம்மாணவிக்கு அதனைச் சொல்ல இதனை எழுதுவோனுக்கு ஒரு வாரம் சென்றது. சொன்ன அன்றே அவ்வாக்கியம் கரும்பலகையினின்றும் அழிக்கப்பட்டது. அவ்வகுப்பு அன்று கற்றது, அவ்வாக்கியம் கற்பிக்கக்கூடியதினும் பெரிது. மெய்யே உருவாகிய சிவபெருமான் திருவருள், நம் நாவில் மெய்யை நிறுத்துவதாக.