மலைக்குக் கொடுத்த பிள்ளைகள்

அர்ஜென்டினாவுக்கு விடுமுறைப் பயணம் திட்டமிடுகிறவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: புவெனோஸ் ஐரெஸ், இகுவாசு அருவி, தெற்கே பெரிட்டோ மொரேனோ பனியாறு. கையில் நாள் மிச்சமிருந்தால் தலைநகரிலிருந்து வடமேற்கே இரண்டு மணி நேரம் பறந்து சால்டாவுக்குப் போகிறார்கள். சுடச்சுட எம்பனாடா, காஃபயாத்தே திராட்சைத் தோட்டங்கள், 4,200 மீட்டர் உயரப் பாலம்வரை ஏறும் ‘மேக ரயில்’ என்று அங்கே பொழுது போவதே தெரியாது. ஊர் நடுவில், பேராலயம் நிற்கும் அதே சதுக்கத்தில், உயர்மலைத் தொல்லியல் அருங்காட்சியகமும் இருக்கிறது. சால்டா போகிறவர்கள் பார்த்தே ஆக வேண்டிய இடம் என்று வழிகாட்டிகள் சொல்வது இதைத்தான். போகலாமா என்று தயங்க வேண்டிய இடமும் இதுதான்.

1999 மார்ச்சில் தொல்லியல் ஆய்வாளர்கள் ஜோஹன் ரைன்ஹார்ட், கான்ஸ்டன்சா செருட்டி இருவரின் குழு சிலி எல்லையிலுள்ள யுயாய்யாக்கோ எரிமலையில் ஏறியது. உயரம் 6,739 மீட்டர். இன்று இந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் மூன்று பிள்ளைகள் உச்சிக்கருகே தோண்டியபோது கிடைத்தார்கள். பதின்மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பெண், அவளைவிட மிகச் சின்னவர்களான ஒரு சிறுவன், ஒரு சிறுமி. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் இன்கா அரசு மலைக்குப் பலியாகக் கொடுத்தவர்கள். யாரும் பதப்படுத்திய உடல்கள் அல்ல, குளிரே காத்துவைத்திருக்கிறது. பெரியவளின் பின்னல் கலையவில்லை. வாயில் கோக்கா இலை அப்படியே இருந்தது.

2013-இல் வெளியான ஆய்வு அவள் தலைமுடியைக் கொண்டே அவளுடைய கடைசி மாதங்களைச் சொன்னது. சாவதற்கு ஓராண்டு முன்பு சாப்பாட்டின் தரம் திடீரென்று உயர்ந்திருக்கிறது. கோக்காவும் சிச்சா என்ற மக்காச்சோள மதுவும் கூடிக்கொண்டே போய், கடைசி வாரங்களில் மது உச்சத்தைத் தொட்டிருக்கிறது. இப்படிப் பிள்ளைகளைக் கொடுக்கும் சடங்குக்குக் காபகோச்சா என்று பெயர். குறையில்லாத அழகுள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக் இன்கா தலைநகரான குஸ்கோவுக்குக் கொண்டுபோய்ச் சடங்கு செய்து, பிறகு மலைகளுக்கு அனுப்பினார்கள். குஸ்கோவிலிருந்து இந்த எரிமலை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். நம்பினவர்களுக்கு அந்தப் பிள்ளைகள் சாகவில்லை, மலைத் தெய்வத்தோடு சேர்ந்துவிட்டார்கள்.

நம்பிக்கையோடு பதவியும் கலந்திருந்தது. பெருவின் ஓக்ரோஸ் ஊரில் தாந்தா கார்வா என்ற சிறுமியைப் பலிக்குக் கொடுத்த தகப்பன் அதற்குக் கைம்மாறாக ஊர்த் தலைமை பெற்றதை 17ஆம் நூற்றாண்டில் ஒரு ஸ்பானியப் பாதிரியார் எழுதிவைத்தார். ஆகவே இதை வெறும் பக்திக் கதையாக உருகிச் சொல்வதும் சரியில்லை.

பிள்ளைகளை மலையிலிருந்து எடுத்தது தவறா? சட்டென்று ஆமாம் என்று சொல்லிவிட முடியாது. அதே பகுதியில் கேவார் மலை உச்சியில் புதையல் தேடிப் போனவர்கள் டைனமைட் வைத்ததில் இன்னொரு பிள்ளையின் உடல் சிதைந்தது. யுயாய்யாக்கோவின் சின்னச் சிறுமியின் உடலை மின்னலே கருக்கியிருக்கிறது. ஆய்வாளர்கள் முந்திக்கொண்டதால்தான் இவர்கள் இந்த அளவுக்காவது மிஞ்சினார்கள் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் காப்பாற்றுவது வேறு, காட்சிக்கு வைப்பது வேறு. முன்னதற்குக் குளிர்பெட்டி போதும், பின்னதற்குக் கண்ணாடியும் நுழைவுச்சீட்டும் வேண்டும்.

2007-இல் பெரியவளை முதன்முதலாகக் காட்சிக்கு வைத்தபோது அருங்காட்சியகம் ஒரு வழி செய்தது. அறை மங்கலாக இருக்கும், பெட்டி இருட்டாக இருக்கும். பார்க்க விரும்புகிறவர் தானே விளக்கைப் போட வேண்டும். நல்ல யோசனைதான். பொறுப்பைப் பார்வையாளர் தலையிலேயே கட்டிவிட்ட சாமர்த்தியமும் அதில் இருக்கிறது! பழங்குடித் தலைவர்கள் சிலர் அப்போதே எதிர்த்தார்கள்.

அதே 2007-இல் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், சிலியின் சான் பெட்ரோ தெ அதகாமா ஊர் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த மம்மிகளைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டது. அங்குள்ள பழங்குடி மக்கள் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். அர்ஜென்டினாவிலேயே 2001-ஆம் ஆண்டின் 25.517-ஆம் சட்டம், அருங்காட்சியகங்களிலுள்ள பழங்குடியினர் உடல் எச்சங்களைச் சொந்தச் சமூகம் கேட்டால் ஒப்படைக்க வழிசெய்கிறது.

இறந்தவர் முகத்தைப் பார்ப்பதே பாவம் என்று தமிழர் சொல்ல முடியாது. சாவு வீட்டுக்கு ஓடுவதே ‘முகம் பார்க்க’த்தான். ஆனால் அங்கே போகிறவர் உறவு, இல்லையென்றால் ஊர். பார்த்தவர் அழுவார், தோள் கொடுப்பார், அல்லது சும்மாவாவது உட்கார்ந்திருப்பார். பார்வையோடு ஒரு கடமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றுலாப் பயணிக்கு அப்படி எதுவும் கிடையாது. பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

யாருடைய பிள்ளைகள் இவர்கள் என்பதும் தீராத கேள்வி. இன்காக்கள் இந்தப் பகுதிக்கு வெற்றிகொண்டவர்களாக வந்தவர்கள். இன்று சால்டாவில் குரல் கொடுப்பவர்கள் பிள்ளைகளைக் கொடுத்தவர்களின் வாரிசா, பலிக்கு எடுத்துக்கொண்டவர்களின் வாரிசா என்று வாதாடிக்கொண்டே இருக்கலாம். ஒன்று மட்டும் தெளிவு: அந்தப் பெண்ணிடம் அரசனும் கேட்கவில்லை, ஆய்வாளரும் கேட்கவில்லை. கேட்கவே முடியாதவள் விஷயத்தில் சந்தேகத்தின் பலனை அவளுக்குக் கொடுப்பதுதான் முறை.

ஆகவே சால்டா போகிறவர்கள் அந்த அருங்காட்சியகத்துக்குத் தாராளமாகப் போகலாம். பிள்ளைகளோடு மலையில் வைத்திருந்த தங்க, வெள்ளிச் சிற்றுருவங்களும் சிப்பியில் செதுக்கிய லாமாக்களும் இறகுத் தலையணிகளும் நாள் முழுக்கப் பார்க்கத் தகுந்தவை. உடல் இருக்கும் அறையைத் தவிர்த்துவிட்டு வரலாம். பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால் ஆகஸ்ட் 1-ஐ உள்ளடக்கித் திட்டமிடுங்கள். வடக்கே ஊமவாக்கா பள்ளத்தாக்கு ஊர்களில் அன்று பச்சமாமா என்ற பூமித்தாய்க்குக் குழி தோண்டி, சோறும் சிச்சாவும் கோக்கா இலையும் படைக்கிறார்கள். யாராவது வீட்டுக்கு அழைத்தால் மட்டும் போங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.