வென்றவர் இளைப்பாறலாமா?

2025ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், நாம் வாழும் இப்புனே நகரில் மகளிர் கிராண்ட் பிரீ சதுரங்கத் தொடரின் ஒரு போட்டி நடைபெற்றது. பல நாடுகளிலிருந்தும் வந்த பதின்மர் அதில் ஆடினர். சென்னையைச் சேர்ந்த வைஷாலியும் அவர்களுள் ஒருவர். ஒன்பது சுற்றுகள் முடிந்தபோது ஆந்திர மண்ணின் கோனேரு ஹம்பியும் சீன நாட்டின் சூ ஜினரும் ஏழு ஏழு புள்ளிகள் பெற்றுச் சமமாக நின்றனர். சமநிலையைத் தீர்க்கும் விதிப்படி ஹம்பிக்கே முதலிடம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 38. அவர் ஒரு பெண் குழந்தையின் தாய்.

மறுநாள் காலையில் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நாம் பெருமை அடைந்தோம். ஆனால், அப்பெருமைக்கு நடுவே ஓர் எண்ணமும் எழுந்தது. ஹம்பி 2002ஆம் ஆண்டு, பதினைந்தாம் வயதில் கிராண்ட் மாஸ்டர் பட்டம் பெற்றவர். அதுவரை அவ்வளவு இளமையில் அப்பட்டத்தை எய்திய பெண் எவரும் இலர். அத்தகையவர் 2016 முதல் 2018 வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போட்டிகளிலிருந்து விலகி இருந்தார். 2017இல் அவருக்குக் குழந்தை பிறந்தது. 2018இல் பட்டூமி நகரில் நடந்த ஒலிம்பியாட் போட்டியில் மீண்டும் ஆட வந்தார். 2019இல் மாஸ்கோவிலும், 2024இல் நியூயார்க்கிலும் உலக விரைவுச் சதுரங்கப் பட்டத்தை வென்றார்.

இன்று நாம் பாராட்டுவது அவர் திரும்பி வந்த பிறகு பெற்ற வெற்றிகளை. அவர் ஆடாதிருந்த அந்த இரண்டு ஆண்டுகளை நாம் எவ்வாறு மதிப்பிடுகிறோம்? உச்சியில் நிற்கும் ஒருவர், தம் ஆற்றல் குன்றாத காலத்தில், 'சிறிது காலம் நான் ஆடப்போவதில்லை' என்று சொல்லலாமா? அது கடமையிலிருந்து வழுவுதல் ஆகுமா? இதுவே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் வினா.

நம் அச்சம்

இவ்வினா விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் உரியதன்று. ஊரை விட்டு வந்து பிழைக்கும் நம் போன்றோருக்கு இது மிக நெருங்கிய வினா. தேஹு ரோட்டிலும் கிர்க்கியிலும் குடியேறிய நம் முன்னோர், கையில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவர்கள். நின்றால் பின்தங்கிவிடுவோம் என்னும் அச்சம் அவர்களிடம் இருந்தது. அது நம்மிடமும் இருக்கிறது. வந்த இடத்தில் உட்காரலாகாது என்பதை எவரும் நமக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆயினும், தாய்ப்பாலோடு அதையும் பருகி வளர்ந்தோம்.

நாம் பணிபுரிவது மத்திய அரசு அலுவலகம் ஒன்றில், எழுத்தராக. 1972ஆம் ஆண்டின் விடுப்பு விதிகள் நமக்கு மனப்பாடம். விடுப்பை உரிமையாகக் கோர இயலாது என்று அவ்விதிகள் கூறுகின்றன. ஆயினும், ஆண்டுக்கு முப்பது நாள் ஈட்டிய விடுப்பை அவையே வழங்குகின்றன. முந்நூறு நாள் வரை சேர்த்துவைக்கவும் இடம் தருகின்றன. நம் அலுவலகத்தில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், முந்நூறு நாளையும் குறையாமல் சேர்த்துவைத்திருந்தார். பிரிவு உபசாரக் கூட்டத்தில் அதைச் சொல்லியே அனைவரும் அவரைப் புகழ்ந்தனர். அவர் நன்றி கூற எழுந்தபோது, தம் மகள் திருமணத்திற்குக்கூடத் தாம் நான்கு நாளே விடுப்பு எடுத்ததாகச் சொன்னார். நாங்கள் கைதட்டினோம். முன் வரிசையில் அமர்ந்திருந்த அவர் மனைவியார் மட்டும் கைதட்டவில்லை.

ஓய்வும் மடியும்

வள்ளுவர் மடி இன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினை உடைமைக்கு மற்றோர் அதிகாரம் வகுத்தார். இவ்விரண்டையும் நாம் பள்ளியில் கற்றோம்; நம் பிள்ளைகளுக்கும் கற்பிக்கிறோம். ஆனால், அதே பொருட்பாலில் காலம் அறிதல் என்னும் அதிகாரமும் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். போரிடும் ஆட்டுக்கடா பின்வாங்கி நிற்பதை அங்கே அவர் உவமையாக்குகிறார். பின்வாங்கியதெல்லாம் தோல்வி அன்று என்பது அதனால் விளங்கும்.

மடி என்பது செய்ய வேண்டியதைச் செய்ய மனமின்றிக் கிடத்தல். ஓய்வு என்பது செய்தவன் தன்னை மீட்டுக்கொள்ளுதல். வெளியிலிருந்து நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். உள்ளே இருப்பவர்க்கே வேறுபாடு தெரியும். ஆதலின், ஒருவர் ஓய்வை விரும்பும்போது அவரை மடியர் என்று சொல்ல நாம் விரைதல் தகாது.

சென்னையைச் சேர்ந்த ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பள்ளிக்கல் வாழ்வில் இருவகை விலகல்களைக் காண்கிறோம். 2011இல் தேசியப் பட்டம் வென்ற அவர், ஆடவர்க்கு ஒரு பரிசுத்தொகையும் மகளிர்க்கு அதனிற் குறைந்த தொகையும் தருவதை ஏற்காமல், பின்வந்த சில ஆண்டுகள் தேசியப் போட்டியில் ஆட மறுத்தார். 2016இல் தொகை சமமாக்கப்பட்டபோது மீண்டும் ஆடினார், பட்டத்தையும் வென்றார். அந்த விலகல் நீதிக்காக. பின்னர் 2018க்குப் பிறகு நெடுங்காலம் போட்டிகளில் இல்லை. 2021இல் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயானார். 2022 ஏப்ரலில் கிளாஸ்கோ நகரில் உலக இரட்டையர் போட்டியில், ஜோஷ்னா சின்னப்பாவுடனும் சௌரவ் கோஷலுடனும் சேர்ந்து ஆடி, இரு பட்டங்களை வென்றார். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில், ஹரீந்தர் பால் சந்துவுடன் கலப்பு இரட்டையரில் தங்கம் பெற்றார்.

முதல் விலகலில் ஒரு கொள்கை இருந்தது. இரண்டாவதில் ஒரு வாழ்க்கை இருந்தது. கொள்கைக்காக விலகியவரைப் போற்றும் நாம், வாழ்க்கைக்காக விலகியவரை ஐயத்தோடு பார்ப்பது ஏன்?

கடன் எவ்வளவு?

இங்கே ஒரு மறுப்பு எழும். 'வீரர் ஒருவர் தாமாக உருவாகிவிடுவதில்லை. பயிற்றுநர் உழைத்தார், பெற்றோர் பொருள் இழந்தனர், நாடு செலவிட்டது. இவர்கள் அனைவர்க்கும் கடன்பட்டவர், தம் விருப்பம்போல் நிறுத்தலாமா?' என்பர். இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் குழுப்போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் விலகினார். காற்றில் சுழலும்போது தம் உடல் இருக்கும் நிலையை உணரமுடியாத இடர் அவருக்கு நேர்ந்திருந்தது. அக்குழு வெள்ளிப் பதக்கத்தோடு அமைந்தது. பலர் அவரைப் பழித்தனர்.

கடன் உண்டு என்பது மெய்யே. ஆனால், எவ்வளவு கடன் என்பதையும் கேட்க வேண்டும் அன்றோ? ஆடும் காலத்தில் நேர்மையாக ஆடுவது கடன். விலகும்போது அதை மறைக்காமல் சொல்வது கடன். தம் இடத்தில் நிற்பவர்க்கு வழிவிடுவது கடன். அலுவலகத்தில் விடுப்பில் செல்வோர் கோப்புகளை அடுத்தவரிடம் ஒப்படைத்துச் செல்கின்றனர். அவ்வாறு செல்வதும், சொல்லாமல் வராதிருப்பதும் ஒன்றாகா. இக்கடன்களைத் தீர்த்தவரிடம், 'உன் உடலையும் உயிரையும் கூடக் கொடு' என்று கேட்க எவர்க்கும் உரிமை இல்லை. கடன் கொடுத்தவன் வீட்டையே கேட்டால் அதை நாம் அறம் என்போமா?

திரும்பி வந்து தோற்றால்?

இதுகாறும் நாம் கூறியவற்றில் ஒரு குறை இருக்கிறது. ஹம்பி திரும்பி வந்து வென்றார், தீபிகா வென்றார், பைல்ஸும் 2024இல் பாரிஸில் மூன்று தங்கம் வென்றார். ஆட்டுக்கடாவும் பாய்வதற்காகவே பின்வாங்குகிறது. ஆகவே, 'ஓய்வு நன்று. ஏனெனில் அது வெற்றி தரும்' என்று சொல்லி முடித்துவிடலாம். அது கேட்க இனிது. ஆனால், அது முழு உண்மை அன்று.

ஜப்பான் நாட்டில் மாவோ அசாடா என்றொரு பெண்மணி. பனித்தரையில் சறுக்கியவாறே இசைக்கேற்பச் சுழன்றும் தாவியும் ஆடும் கலையில் அவர் மூன்று முறை உலக வாகை சூடியவர். 2014 பிப்ரவரியில் சோச்சி ஒலிம்பிக்கின் முதல் நாள் ஆட்டத்தில் தடுமாறிப் பதினாறாம் இடத்திற்குத் தள்ளப்பட்டார். மறுநாள் மிகச் சிறப்பாக ஆடி ஆறாம் இடத்தில் முடித்தார். அடுத்த திங்களே சைத்தாமா நகரில் மூன்றாம் முறையாக உலகப் பட்டம் பெற்றார். வெற்றியின் உச்சியில் நின்ற அவர், அவ்வாண்டு மே திங்களில், வரும் பருவம் முழுவதும் போட்டியிடப் போவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். 2015இல் திரும்பினார். தொடக்கத்தில் ஒரு வெற்றியும் கிடைத்தது. ஆனால், 2016இல் பாஸ்டன் நகரில் உலகப் போட்டியில் ஏழாம் இடம். அவ்வாண்டு இறுதியில் தம் நாட்டுப் போட்டியிலேயே பன்னிரண்டாம் இடம். 2017 ஏப்ரலில், இருபத்தாறாம் வயதில், ஆட்டத்தை நிறைவு செய்தார்.

அதே பாஸ்டன் நகரில் 2025இல் அமெரிக்காவின் அலிசா லியூ உலக வாகை சூடினார். அவரோ 2022இல் பதினாறு வயதிலேயே போதுமென்று விலகி, இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தவர். லியூவின் ஓய்வை உலகம் அறிவுடைமை என்கிறது. அசாடாவின் ஓய்வை மட்டும் பிழை என்போமா? இருவரும் செய்தது ஒன்றே. பின்விளைவைக் கொண்டு முன்செயலை அளப்பது வணிகரின் கணக்கு. களைத்தவர் இளைப்பாறுவது, பின்னர் வெல்வதால் சரியாவதில்லை. தோற்பதால் தவறாவதும் இல்லை. அவர் மனிதர் என்பதனாலேயே அது சரி.

எங்கள் வீட்டில்

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல நமக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். தகுதி இல்லை, தவறிய அனுபவம் உண்டு.

எங்கள் மகள் ஆறாம் வயதில் சக்கரக் காலணி கட்டியவள். விடியற்காலையில், குளிர்காலத்தில் கூட, அவளை ஸ்கூட்டரில் ஸ்கேட்டிங் மைதானத்திற்கு அழைத்துச் சென்றோம். மாவட்டப் போட்டிகளில் பதக்கங்கள் பெற்றாள். இம்மலர் போன்ற மலர்களில் நம் குழந்தைகளின் சாதனைகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது வழக்கம். அப்பக்கத்தில் இரண்டு ஆண்டுகள் அவள் படம் வந்தது. மலரை ஊருக்கு அஞ்சலில் அனுப்பினோம்.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது ஒருநாள், "ஒரு வருஷம் நிறுத்திக்கட்டுமா அப்பா?" என்று கேட்டாள். காரணம் கேட்டோம். "களைப்பா இருக்கு" என்றாள். நாங்கள் இருவரும் மாறி மாறி அறிவுரை கூறினோம். செலவிட்ட தொகையைச் சொன்னோம். அவளினும் எளிய குடும்பத்துப் பிள்ளைகளைக் காட்டினோம். அடுத்த மலரில் அவள் இடம் வெறுமையாகிவிடுமே என்னும் கவலையை மட்டும் சொல்லவில்லை. ஆனால், நெஞ்சில் முதன்மையாக நின்றது அதுவே.

அவள் மறுத்துப் பேசவில்லை. ஓராண்டு ஒழுங்காகச் சென்று வந்தாள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த நாளில் காலணிகளைத் துடைத்து, ஒரு பையில் இட்டு, பரணில் வைத்தாள். பிறகு அவற்றைத் தொடவில்லை. ஓராண்டு ஓய்வு கொடுத்திருந்தால் திரும்பியிருப்பாளோ என்று நெடுநாள் எண்ணி வருந்தினோம். இப்போது அவ்வருத்தமும் தவறானதே என்று தோன்றுகிறது. அவள் திரும்பியிருக்கக்கூடும் என்பதற்காக அன்று. களைத்திருந்தாள் என்பதற்காகவே நாங்கள் இசைந்திருக்க வேண்டும்.

விசாவா

ஆண்டுதோறும் ஞானேசுவரர், துக்காராம் ஆகியோரின் பல்லக்குகள் பண்டரிபுரம் செல்லும் வழியில் நம் நகருக்கு வருகின்றன. வந்தவை உடனே கடந்து போவதில்லை. இங்கே தங்கிச் செல்கின்றன. நடந்து வந்த அடியார்கள் கால்களை நீட்டி அமர்கின்றனர். ஊரார் உணவு தருகின்றனர். சிலர் அவர்தம் கால்களைப் பிடித்துவிடுகின்றனர். இவ்வாறு தங்கும் இடத்தை மராத்தியர் 'விசாவா' என்பர். விசாவாவில் அமர்ந்திருக்கும் அடியாரை நோக்கி, 'நீர் யாத்திரையை விட்டுவிட்டீரோ?' என்று எவரும் கேட்பதில்லை. இளைப்பாறுதலும் அவர்களுக்கு யாத்திரையின் ஒரு பகுதியே. குடிபுகுந்த மண் நமக்குக் கற்றுத்தரும் நல்ல பாடம் இது.

எனவே, அன்பர்களே, நம் இல்லங்களில் ஒரு பிள்ளை நடனத்தையோ, பாட்டையோ, ஆட்டத்தையோ சிறிது காலம் நிறுத்த வேண்டும் என்று கேட்கும் நாள் வரும். ஓய்வறியாத இல்லத்தரசியாரும் ஒருநாள் கேட்கக்கூடும். அப்போது 'எப்போது திரும்புவாய்?' என்னும் வினாவை முதலில் கேளாதிருப்போம். 'மிகவும் களைத்துவிட்டாயா?' என்று கேட்போம். விடை வரும்வரை அருகில் அமர்ந்திருப்போம்.