எடுத்து வைப்பதும் எடுத்துப் பார்ப்பதும்

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய தெருக்களில் ஜன்னல் கம்பிக்கு எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் சீக்கிரமே துரு எட்டிப் பார்த்துவிடும். இரும்புக்கே இந்தக் கதி என்றால், தலைமுடி கனத்தில் செம்புக் கோடுகள் ஓடும் மதர்போர்டு எம்மாத்திரம்? ஆனாலும் எங்கள் பக்கத்து வீடுகளில் பழைய கணினி உதிரிகளை யாரும் லேசில் தூக்கிப் போடுவதில்லை. ராம், ஹார்ட் டிஸ்க், எஸ்எம்பிஎஸ், சார்ஜர் எல்லாம் துணிக்கடைப் பைக்குள் போய்ப் பரணில் ஏறிவிடும். "எதுக்காவது ஆகும், இருக்கட்டும்" என்று ஒரு குரல் எல்லா வீட்டிலும் கேட்கும்.

அந்தக் குரலை நான் குறைசொல்ல மாட்டேன். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன் வாங்கிய லேப்டாப்பில் இன்று தங்கை படிக்கிற வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது. அதற்கு ஒரு ராம் போய்விட்டால் ரிச்சி தெருவுக்கு பஸ் ஏறுவதற்கு முன் அக்கம்பக்கத்தில்தான் கேட்பார்கள். இருக்கிறவர் எடுத்துக் கொடுப்பார். ஆக, உதிரிகளைச் சேர்த்து வைப்பது கஞ்சத்தனம் அல்ல; அடுத்தவருக்கும் சேர்த்து வைப்பது. என் கவலையெல்லாம், வைத்தது வைத்தபடி இருக்கும் என்று நாம் நம்புகிறோமே, அதைப் பற்றித்தான்.

இந்தக் காற்றில் எதுவும் வைத்தபடி இருக்காது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சமையலறை உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவது இதனால்தான். சென்னையில் வருஷத்தில் பெரும்பாலான நாள் விடியற்காலையில் ஈரப்பதம் அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. கடற்காற்றோடு வந்து போர்டின் மேல் படிந்த உப்புத் துகள் ராத்திரியில் நனையும், மதியத்தில் காயும், மறுபடி நனையும். ஓடுகிற கணினி தன் சூட்டிலேயே ஓரளவு ஈரத்தை விரட்டிக்கொள்கிறது. ஓரமாகக் கிடப்பதற்கு அந்தச் சூடும் கிடையாது. பத்திரமாக இருக்கட்டும் என்று ஒதுக்கி வைத்த பொருள் முதலில் கெடுவது இப்படித்தான்.

வடசென்னையில் உப்போடு கந்தகமும் சேர்ந்துகொள்கிறது. மணலியில் 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்கள். கந்தக வாயு செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும். ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு பல சர்க்யூட் போர்டுகளுக்கு வெள்ளிப் பூச்சு வந்தது. காற்றில் கந்தகம் மிகுந்த தொழிற்பகுதிகளில் அந்தப் போர்டுகள் சீக்கிரம் பழுதாவதைக் கணினித் துறை உலகம் முழுக்கக் கண்டது. நாம் மூச்சில் வாங்குவதைத்தான் பரணில் கிடக்கும் போர்டும் வாங்குகிறது.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு ராம் கொண்டுவந்து, "அண்ணா, இது ஓடுமா பாருங்க" என்று நீட்டினாள். கேரி பேக்கில் கிடந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், வரிசையாக இருக்கும் தங்கப் பற்களின் ஒரு கோடியில் மட்டும் கடுகு அளவுக்குப் பச்சை. ரப்பரால் மெல்லத் தேய்த்து, பிசிறை பிரஷால் தட்டினேன். பச்சை போனது, அதன் அடியில் இருந்த தங்கமும் போய்ச் செம்பு தெரிந்தது. அதே வயதுள்ள இன்னொரு ராம் என் டப்பாவில் இருக்கிறது. வெள்ளி நிறத்து ஆன்டி-ஸ்டாடிக் கவர், இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே செருப்புப் பெட்டியில் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சில. அதன் பற்கள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. இந்த ஏற்பாட்டுக்குச் செலவு என்று பெரிதாக எதுவும் ஆகவில்லை.

டப்பாவை எங்கே வைப்பது என்பதிலும் யோசனை வேண்டும். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரண் சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும். அந்தச் சூட்டில் கெப்பாசிட்டர் உலரும், எஸ்எஸ்டி-யில் இருக்கும் படங்கள் மெல்ல அழியும். தரையில், கட்டிலுக்கு அடியில்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்ததைப் பார்த்தவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். வெளிச்சுவரில் ஓதம் ஏறும். மிச்சம் இருப்பது உள்சுவர் அலமாரியில் இடுப்புயரத் தட்டு. அது நம் கண்ணில் படுகிற இடமும்கூட. அதனாலேயே எனக்கு அது பிடிக்கும்.

கண்ணில் படுவதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோது, நமக்குப் பக்கத்தில் மணலியின் கண்டெய்னர் கிடங்கு ஒன்றில் அதே பொருள் சுமார் 700 டன் இருப்பது ஊருக்குத் தெரியவந்தது. 2015-இல் பறிமுதல் செய்யப்பட்டு, வழக்கும் விதிகளுமாக அங்கேயே தங்கிவிட்ட சரக்கு. அந்தச் செய்திக்குப் பிறகு சில நாட்களிலேயே ஏலம் முடிந்து லாரிகள் அதை ஹைதராபாத்துக்கு ஏற்றிப்போகத் தொடங்கின. சில நாளில் ஆகக்கூடிய வேலை ஐந்து வருஷம் கிடந்திருக்கிறது. வீட்டு டப்பாவையும் அதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் ஒரு பொருளை வைத்துவிட்டால் அத்தோடு பொறுப்பு முடிந்தது என்று மனசு எண்ணிக்கொள்வது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

காசிமேட்டில் படகு இன்ஜின் வேலை பார்ப்பவர்கள் உதிரிகளுக்கு கிரீஸ் பூசி வைப்பார்கள். பூசியதோடு விடமாட்டார்கள், அவ்வப்போது எடுத்துத் துடைத்து மறுபடி பூசுவார்கள். கடலோரத்தில் பொருள் வைத்துக்கொள்கிறவர்களின் முறை அது. என் டப்பாவின் மேல் ஒட்டிய தாளில் 'டிடிஆர்3, 4 ஜிபி, ஓடுகிறது' என்று எழுதி, கடைசியாகப் போட்டுப் பார்த்த மாதத்தையும் குறிக்கிறேன். நான் ஊரில் இல்லாத நாளில் வீட்டில் யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டுமே. நான் ஒருவன் மட்டும் அறிந்து வைத்திருக்கும் பொருளால் தெருவுக்கு என்ன பயன்? எழுதும்போதே இன்னொன்றும் தெளிவாகிறது. இதைக் கேட்டு இனி யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்த பொருளை எழுதக் கை வராது. அது வெளியே போகவேண்டியது.

போவதற்கும் வழி வேண்டும். லேப்டாப் பேட்டரி உப்பிவிட்டால் அதை வீட்டில் நெடுநாள் வைக்கக்கூடாது. குத்தவோ அமுக்கவோ கூடாது. குப்பை லாரியில் போட்டால் நசுங்கித் தீப்பிடிக்கும். போகிற இடம் கொடுங்கையூர் மேடு. அங்கே எரிகிற புகையும் நம் வீட்டுக்கே திரும்பும். காயலான் கடையில் போட்டால் செம்புக்காக வயரை எரிப்பார்கள், எரிக்கிறவர் நெஞ்சுக்குள் போகிறது அந்தப் புகையின் நஞ்சு. மின்கழிவுக்கும் பேட்டரிக்கும் 2022-இல் தனித்தனி விதிகள் வந்துவிட்டன. திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்கள் மேல் இருக்கிறது. ஒரே ஒரு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு யார் அலைவார்கள் என்பதுதான் சிக்கல். அதனால் ஐப்பசி மழைக்கு முன், தெருவில் உள்ள உப்பிய பேட்டரி, செத்த போர்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்த்து, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனம் ஒன்றில் ஆட்டோ வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று எதிர்வீட்டுக்காரரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். பேட்டரிகள் ஒன்றோடொன்று உரசாதபடி அவற்றின் முனைகளில் ஒட்ட டேப் வாங்கியாயிற்று.